ஒண்ணுமில்ல, லேசா வலிக்குது

காலையில் நெஞ்சுவலி, டீ குடித்துவிட்டு வந்தால் பிரசவ வலி, சாயங்காலம் பல்வலி என்று நாள் முழுக்க வலியால் துடித்துச் சம்பாதிக்கிற தொழில் என்னுடையது. பயப்படாதீர்கள், உடம்பு கல்லு மாதிரி இருக்கிறது. வெளிநாட்டு வேலைக்குப் போக நினைக்கிற நர்சுகளுக்கு இங்கிலீஷ் பேசச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆலங்குடியில் ஓர் உரக்கடைக்கு மேலே, மாடியில் என் வகுப்பு. அவர்கள் எழுதுகிற பரீட்சையில் பேச்சுத் தேர்வு என்று ஒன்று உண்டு. தேர்வு வைக்கிறவர் நோயாளியாக நடிப்பார். நர்ஸ் அவரிடம் பேசி, எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று கேட்டு வாங்க வேண்டும். அதற்குப் பழக்கிவிட இங்கே ஒருத்தி நோயாளியாக வேண்டுமே! அந்த ஒருத்தி நான்தான்.

வாத்தியார் வேலை பார்த்துத் தொண்டை கட்டிப்போய், வெந்நீர் பாட்டிலும் கையுமாகத் திரிகிற சக ஜீவன்கள் யாராவது இதைப் படித்தால், நான் உங்கள் கட்சிதான். ஆனால் புலம்ப வரவில்லை. பெருமை அடித்துக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன். முதலிலேயே சொல்லிவிட்டேன், அப்புறம் குறை சொல்லக் கூடாது.

எல்லாத்துக்கும் ஒரே பெயின்

புதிதாக வருகிறவர்கள் யாராக இருந்தாலும் கையில் ஒரே ஒரு வார்த்தையோடுதான் வருவார்கள். தலைக்கு பெயின், வயிற்றுக்கு பெயின், பல்லுக்கு பெயின். தேள் கொட்டினாலும் பெயின், கால் மரத்துப்போனாலும் பெயின். இங்கிலீஷில் இந்த பெயினுக்குக் கூடப்பிறந்தவர்கள் நிறையப் பேர். ஏக், த்ராபிங், ஸ்டாபிங், பர்னிங், சோர், க்ராம்ப் என்று ஆளுக்கொரு குணம். ஆரம்பத்தில் நானும் இதையெல்லாம் போர்டில் எழுதிப் பக்கத்தில் அகராதிப் பொருளைப் போட்டேன். அகராதியில் எல்லாவற்றுக்கும் "வலி, வேதனை" என்றுதான் இருந்தது. ஒருத்தருக்கும் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை.

ஒரு நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒங்க வார்டுக்கு வர்றவங்க வெறும் வலின்னா சொல்றாங்க? என்ன சொல்றாங்களோ அதச் சொல்லுங்க பாப்போம்" என்று சாக்பீஸை மேசையில் போட்டேன். அவ்வளவுதான், மடை திறந்த மாதிரி ஆகிவிட்டது. விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, சுருக்குன்னு குத்துது, கடுக்குது, காந்துது, குடையுது, உளையுது, சுண்டி இழுக்குது, முறுக்கிப் பிடிக்குது, அடிச்சுப் போட்டாப்ல இருக்கு. எழுதி மாளவில்லை. விண்ணு விண்ணு பக்கத்தில் த்ராபிங், குத்தலுக்கு ஸ்டாபிங், கடுப்புக்கு ஏக், காந்தலுக்கு பர்னிங், முறுக்குக்கு க்ராம்ப், அடிச்சுப் போட்டதுக்கு சோர் என்று ஜோடி சேர்த்துக்கொண்டே வந்தேன். கடைசியில் குடைச்சலும் உளைச்சலும் சுண்டி இழுப்பும் ஜோடி கிடைக்காமல் நின்றன. எனக்கு ஏக குஷி. முதல் பெஞ்சில் இருந்த ஆரோக்கியமேரி அக்கா போர்டை மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெள்ளக்காரனுக்கு அம்புட்டா வலிச்சதில்ல போலருக்கு டீச்சர், சீக்கிரமா முடிச்சுக்கிட்டான்."

வேற மரம்

மேரி அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையெல்லாம் அவரைச் சுற்றித்தான். திருவரங்குளம் பக்கத்துக் கிராமம். என்னைவிட ஏழெட்டு வயசு மூத்தவர். புதுக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊசி போட்டால் குழந்தைகள் அழாது, அப்படி ஒரு கை. வீட்டுக்காரர் சவரிமுத்து அண்ணன் தென்னந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்து, மரமும் தானே ஏறிக்கொண்டிருந்தவர். ஒரு மழைநாளில் மரத்திலிருந்து விழுந்து முதுகு போய்விட்டது. இப்போது நடக்கிறார், வண்டி ஓட்டுகிறார். ஆனால் மரம் ஏற முடியாது, மூட்டை தூக்க முடியாது.

அக்காவுக்கு வெளிநாட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை தயாராக இருந்தது. எழுத்துத் தேர்வெல்லாம் தாண்டிவிட்டார். பேச்சுத் தேர்வில் மட்டும் ஏற்கெனவே விழுந்திருந்தார். அடுத்த தேர்வு வரைக்கும்தான் இடத்தை வைத்திருப்போம், அதிலும் தேறாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று அந்த ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். போய்ச் சேர்ந்து கொஞ்ச காலத்தில் குடும்பத்தையும் அழைத்துக்கொள்ளலாம். அண்ணன் முதுகுக்கு அங்கே வைத்தியம் பார்க்கலாம். எல்லாம் அந்த ஒரு தேர்வில் தொங்கிக்கொண்டிருந்தது. இந்த வயசில் கடல் தாண்டிப் போகப் பயமாக இல்லையா என்று நான் ஒருதரம் கேட்டேன். அக்கா டிபன் டப்பாவை மூடிக்கொண்டே சொன்னார்: "அவுக இத்தன வருசம் ஏறுனாக, இனி நான் ஏறுறேன். எனக்கு வேற மரம், அம்புட்டுதான்."

கீழ்க்கடை விசாரணை

உரக்கடையை ஒட்டி முருகையா அண்ணனின் டீக்கடை. ஒரு நாள் குடல்வால் வீங்கிய நோயாளியாக நான் நடித்துக்கொண்டிருந்தேன். ஸ்டாபிங் என்றால் குத்துகிற வலி. அதை மெதுவாகச் சொன்னால் நம்புவார்களா? வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, அம்மா" என்று முதலில் தமிழிலும் பிறகு இங்கிலீஷிலும் அலறினேன். மாணவர்கள் கைதட்டாத குறை.

மாடிப்படி தடதடவென்று அதிர்ந்தது. ஒரு கையில் சோடா பாட்டில், இன்னொரு கையில் துண்டு, பின்னால் டீ குடிக்க வந்த நாலைந்து பேர் என்று முருகையா அண்ணன் வந்து நின்றார். கீழே ஆட்டோ வேறு தயாராக நின்றதாம். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "பாடம் நடத்துறேண்ணே" என்றேன். அவர் சோடாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். என் நடிப்புக்குக் கிடைத்த முதல் விருது அவர் சொன்னதுதான்: "டீச்சரு, நெசமாவே வலிச்சா வேற மாதிரி கத்துங்க, எங்களுக்கு வித்தியாசம் தெரியணும்ல!"

மரியாதைக்குரிய வலி

கீரனூரிலிருந்து பிரபாகரன் என்று ஒரு தம்பி வருவார். ஆண் நர்ஸ், சுறுசுறுப்பு, பேருந்தில் வரும்போதே போனில் வார்த்தைகளை மனப்பாடம் செய்கிறவர். சின்ன வார்த்தை அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. நான் அன்று நகக்கண்ணில் சிராய் ஏறிய நோயாளி. விரலை நீட்டியதும் தம்பி எழுந்து நின்று, நெஞ்சில் கைவைத்து, "ஐ ஃபீல் யுவர் அகனி, மேடம்" என்றார். அகனி என்றால் உயிர் போகிற வேதனை. கேட்கிற நோயாளி, தான் பிழைக்க மாட்டோமோ என்று உயில் எழுதக் கிளம்பிவிடுவாள்!

சிராய்க்கு அகனி, காய்ச்சலுக்கு டார்மென்ட், அதாவது சித்திரவதை என்றால் நிஜமாகவே எலும்பு முறிந்து வருகிறவனுக்கு என்ன மிச்சம் வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். தம்பி அசரவில்லை. நம் ஊரில் ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போகிறவர்கள் அப்படித்தானே பேசுகிறார்கள் என்றார். யோசித்துப் பார்த்தால் சரிதான். கால் சுளுக்கினவனைப் பார்க்கப் போனாலும், "அடப்பாவமே, மறுபொழப்புல்ல பொழைச்சிருக்க" என்று ஆரம்பித்தால்தான் அவனுக்கும் திருப்தி, போனவர்களுக்கும் திருப்தி. அந்தப் பழக்கத்தை அவரிடமிருந்து பிடுங்க எனக்கு முழுசாக ஒரு மாதம் ஆனது. பிடுங்கியும் விட்டேன், இன்று அவர் வெளிநாட்டில் நல்ல வேலையில் இருக்கிறார். அன்றைக்கு மட்டும் முறைத்துக்கொண்டு சொன்னார்: "வலியச் சின்னதாச் சொன்னா வந்தவர மதிக்காத மாதிரி இருக்குங்க."

பக்கத்து நாற்காலி

மேரி அக்காவின் சிக்கல் வேறு. வார்த்தைகள் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. ஏக்கையும் சோரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிரித்துச் சொல்வார். ஆனால் நான் நோயாளியாக உட்கார்ந்ததும் ஒரு நிமிஷம் என்னைப் பார்ப்பார். பிறகு எனக்குப் பக்கத்தில் கிடக்கிற காலி நாற்காலியைப் பார்த்து, "எப்ப இருந்து இவங்களுக்கு வலி? சாப்பிட்டாங்களா?" என்று இங்கிலீஷில் விசாரிக்க ஆரம்பித்துவிடுவார். அந்த நாற்காலியில் ஈ கூட இருக்காது.

இது நம் ஊர் ஆஸ்பத்திரிப் பழக்கம். உங்களுக்கே தெரியும், இங்கே நோயாளி பேசுவதில்லை. கூட வந்தவர்கள்தான் பேசுவார்கள். புருஷனுக்குப் பெண்டாட்டி, மாமியாருக்கு மருமகள், சித்தப்பாவுக்கு அண்ணன் மகன். நோயாளி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். அக்கா இத்தனை வருஷமும் கூட வந்தவர்களிடம் கேட்டே வேலை பார்த்தவர். முந்தைய தேர்விலும் இதுதான் நடந்திருக்கிறது. கம்ப்யூட்டர் திரையில் தேர்வாளர் நோயாளியாக உட்கார்ந்திருக்க, அக்கா பக்கத்துச் சுவரைப் பார்த்துக் கேள்வி கேட்டிருக்கிறார். நோயாளியோடு பேசவே இல்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள்.

விடுவேனா நான்? அந்தக் காலி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் முருகையா அண்ணன் கடையில் போட்டுவிட்டு வந்தேன். இனி என் முகத்தைத் தவிர வேறு எங்கே பார்ப்பார் என்று பார்க்கலாம்! அக்கா நாற்காலி இருந்த வெறும் தரையைப் பார்த்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில், "நோயாளி நான் இங்கன இருக்கேன்க்கா, என்கிட்ட கேளுங்க" என்று கத்தினேன். அவர் கொஞ்சமும் குரல் உயர்த்தாமல் சொன்னார்: "பேஷண்ட்கிட்ட கேட்டா யாரு டீச்சர் உண்மையச் சொல்லுவா? கூலி போயிரும்னா, கடலை புடுங்குற நேரத்துல எந்தப் பொம்பளைக்காச்சும் வலிச்சிருக்கா?"

தேன்மொழியின் போன்

என்னிடம் படித்துவிட்டு இங்கிலாந்தில் வேலை பார்க்கிற தேன்மொழி மாதம் ஒருதரம் போன் பண்ணுவாள். ஸ்பீக்கரில் போட்டு எல்லாரையும் கேட்க வைப்பேன். என் பிள்ளை அங்கே எப்படிப் பேசுகிறாள் பாருங்கள் என்று காட்டத்தான், வேறெதற்கு? அன்று அவள் ஒரு பெரியவரைப் பற்றிச் சொன்னாள். "எ பிட் அன்கம்ஃபர்டபிள்" என்றாராம், கொஞ்சம் அசௌகரியம் என்கிற மாதிரி. இவளும் தலையணையைச் சரிசெய்துவிட்டு நகரப் பார்த்திருக்கிறாள். மூத்த நர்ஸ் ஓடிவந்து டாக்டரைக் கூப்பிட்டாராம். பார்த்தால் மாரடைப்பு.

பெயினுக்குக் கீழே டிஸ்கம்ஃபர்ட், அதற்கும் கீழே அன்கம்ஃபர்டபிள் என்று நான் போர்டில் ஏணி மாதிரி எழுதி வைத்திருந்தேன். மேலே போகப் போக வலி அதிகம், கீழே வர வரக் குறைவு. அழகான ஏணி, பார்க்கிறவர்கள் எல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். அன்றைக்கு அதன் அடிப்படியே ஆட்டம் கண்டுவிட்டது. வகுப்பே என் முகத்தைப் பார்த்தது. மேரி அக்கா மட்டும் போனுக்குக் கிட்டே குனிந்து, "ஏம்மா தேனு, அந்தப் பெரியவருக்குக் கூட யாரும் வரலையா?" என்று கேட்டார். அந்தப் பக்கம் தேன்மொழி சொன்னது: "இங்க யாரு கூடயும் யாரும் வர மாட்டாங்கக்கா, தனியாத்தான் வாராங்க, தனியாத்தான் லேசா வலிக்குதுன்னு சொல்றாங்க."

அண்ணன் உட்கார்ந்த நாள்

தேர்வுக்கு முந்தைய வாரம் ஒரு சாயங்காலம். சவரிமுத்து அண்ணன் அக்காவைக் கூட்டிப்போக வண்டியில் வந்திருந்தார். நிஜமான நோயாளியே கிடைத்தாரே என்று அவரை மாடிக்கு அழைத்து என் நாற்காலியில் உட்கார வைத்தேன். ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறி வந்தார். அக்கா எதிரே உட்கார்ந்து, எங்கே வலிக்கிறது, எப்படிப்பட்ட வலி என்று அட்டகாசமான இங்கிலீஷில் கேட்டார். என் மாணவி என்று சொல்லிக்கொள்ள எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நான் தமிழில் அண்ணனுக்குச் சொன்னேன். அண்ணன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "ஒண்ணுமில்ல, லேசா" என்றார்.

அக்காவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "லேசாவா? டீச்சர், வண்டியிலருந்து எறங்குனா ஒரு நிமிசம் அதப் புடிச்சுக்கிட்டே நிக்கிறாக, அது ஸ்டாபிங். காலையில குனிஞ்சு மொகம் கழுவாம செம்புல மொண்டு ஊத்திக்கிறாக, அது ஸ்டிஃப், வெறைப்பு. சாயங்காலம் ஆனா காலுக்கு எறங்கிரும், அது பர்னிங்" என்று கடகடவென்று சொல்லிக்கொண்டே போனார். ஒரு வார்த்தை தப்பில்லை. எனக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் பகீரென்றது. நோயாளி வாயைத் திறக்கவே இல்லை, எல்லாவற்றையும் நர்ஸே சொல்லிவிட்டார். இது தேர்வாக இருந்தால் மறுபடியும் அவுட்! அண்ணன் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "எனக்கு எங்கன வலிக்குதுன்னு அவளுக்குத்தான் டீச்சரு தெரியும், அவகிட்டயே கேட்டுக்கங்க."

திருச்சியில் நடந்தது

தேர்வு திருச்சியில். மறுநாள் அக்கா வகுப்புக்கு வந்ததும் எல்லாரும் சூழ்ந்துகொண்டோம். திரையில் வந்த தேர்வாளர், வயிற்றுவலிக்கார லாரி டிரைவராக நடித்திருக்கிறார். என்ன கேட்டாலும் "ஜஸ்ட் எ பிட் அன்கம்ஃபர்டபிள், நான் வீட்டுக்குப் போகலாமா?" என்பதையே திருப்பித் திருப்பிச் சொல்லியிருக்கிறார். அக்கா பழக்க தோஷத்தில் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாராம்.

"போச்சு!" என்று நான் தலையில் கை வைத்தேன். நாற்காலியைத் தூக்கிப் போட்டது, தொண்டை கிழியக் கத்தியது எல்லாம் வீண். அக்கா, "இருங்க டீச்சர், கேளுங்க" என்றார். பக்கத்தில் வெறும் சுவர். அதைப் பார்த்ததும் தேன்மொழி சொன்ன பெரியவர் ஞாபகம் வந்ததாம். திரும்பி டிரைவரின் கண்ணைப் பார்த்து, நிதானமாக இங்கிலீஷில் கேட்டிருக்கிறார்: "உங்கள் மனைவி இப்போது உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், உங்கள் வலியைப் பற்றி என்னிடம் என்ன சொல்வார்?"

அந்த மனிதர் குரலே மாறி, குத்துகிறது, முதுகுக்குப் போகிறது, ரெண்டு நாளாகச் சாப்பாடு இல்லை, லாரியை விட்டால் வேலை போய்விடும் என்று பயமாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்திருக்கிறார். எனக்குப் புல்லரித்தது. ஆனால் அங்கே இல்லாத மனைவியை இழுத்துவிட்டதற்கு மதிப்பெண் போடுவார்களா, வெட்டுவார்களா? நான் பாடம் நடத்திய இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கேள்வியை யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. அக்கா மட்டும் பதறாமல் சொன்னார்: "மார்க்க விடுங்க டீச்சர், நெசமான பேஷண்டா இருந்தா அந்த மனுசன் பொழச்சிருப்பாரு."

நாற்காலி திரும்பிய நாள்

முடிவு வந்தபோது அக்கா வார்டில் இருந்தார். எனக்குத்தான் முதலில் போன். தேறிவிட்டார்! சும்மா தேறவில்லை, பேச்சுத் தேர்வில் நல்ல மதிப்பெண்; நோயாளியைப் புரிந்துகொள்வது என்று ஒரு பகுதி உண்டு, அதில் இதுவரை என் மாணவர்கள் யாரும் வாங்காத அளவு. நான் மாடியிலிருந்து கத்திய கத்தலில் முருகையா அண்ணன் மறுபடி சோடாவோடு ஓடிவந்தார். சந்தோஷம் என்று தெரிந்ததும் அந்த சோடாவை அவரே குடித்தார். கீழே போய், யாரோ உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் நாற்காலியைக் கேட்டு வாங்கி, தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். நோயாளி நாற்காலிக்குப் பக்கத்தில் பழைய இடத்திலேயே போட்டேன்.

சாயங்காலம் அக்காவும் அண்ணனும் மிட்டாய்ப் பெட்டியோடு வந்தார்கள். அக்கா முதலில் போகிறார், அண்ணனும் பிள்ளைகளும் பின்னால். அதற்கு எப்படியும் சில மாதங்கள் ஆகும். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், நானும் அழுதேன், சொல்வதற்கென்ன. அண்ணன் நேரே போய் நோயாளி நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலி காலியாகக் கிடந்தது. அக்கா வழக்கம்போல, "வலிக்குதாங்க?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல, லேசா" என்று வரும் என்று நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "வலிக்குது மேரி. படியேறயில குத்துச்சு. இப்ப கடுக்குது. காலுக்கு எறங்குறப்ப காந்தும்" என்று ஒவ்வொன்றாக, பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "இனி இங்கிட்டு அவ இருக்கமாட்டால்ல டீச்சரு, நானாச் சொல்லிப் பழகணும்."

அன்றிலிருந்து என் வகுப்பில் லேசா வலிக்குது என்று சொல்லும் நோயாளியாகவும், பக்கத்தில் உட்கார்ந்து உண்மையைச் சொல்லும் அவர் பெண்டாட்டியாகவும் நாற்காலி மாறி மாறி நானே நடிக்கிறேன், ஆனால் இரண்டு பேருக்கும் சேர்த்து எனக்கு இருப்பதோ ஒரே தொண்டை.